கற்பாசியில் குடியிருந்த வெள்ளைப் புள்ளி

ஓய்வு பெற்றவனுக்குப் பழைய அலுவலகத்தில் நாற்காலி கிடைப்பதும், மகள் வீட்டில் அப்பாவுக்குக் கட்டில் கிடைப்பதும் ஒன்றுதான். கொடுப்பார்கள், ஆனால் எல்லோரும் அதைத் தாண்டித்தான் நடப்பார்கள். எனக்குக் கிடைத்தது ஆய்வுக்கூடத்தின் மூலையில், குளிர்பெட்டிக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவில் ஒன்று. சாய்ந்தால் குளிர்பெட்டி முதுகில் உறுமும். நிமிர்ந்தால் தொட்டி முழங்கையை நனைக்கும். அதில் உட்கார்ந்து நான் தினமும் ஒரே பேப்பரை முதல் பக்கத்திலிருந்து இரங்கல் விளம்பரம் வரை படிப்பேன். இரங்கல் பகுதியில் என் பெயர் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறப்பேன்.

உங்கள் விசாரணைக் குழுவில் மற்ற இருவரும் சாப்பிடப் போயிருப்பதாக வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண் சொன்னாள். பரவாயில்லை ஐயா, எனக்கு ஒரு ஜோடிக் காது போதும். என் பிரிவுபசார விழாவில் ஐந்நூறு பேர் கூடியிருந்தார்கள். நான் பேச எழுந்ததும் ஒலிபெருக்கி முதற்கொண்டு எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

நான் கற்பாசிக்காரன். எங்கள் கட்டடத்தின் பின்பக்க மதிலில், ஜெனரேட்டர் கொட்டகைக்கு எதிரே, சாம்பலும் பச்சையுமாகப் படர்ந்திருந்ததே, அதுதான். பழைய பெயின்ட் உரிந்து சுருண்டது போல இருக்கும். தெரியாதவர்கள் சுவருக்குத் தேமல் வந்திருக்கிறது என்பார்கள். கல்யாணமான புதிதில் அதன் எதிரே நான் மணிக்கணக்காக நின்றதைப் பார்த்துவிட்டு என் மனைவி சொன்னாள்: "இந்தச் செவுரை மொறைக்கிற நேரத்துல பாதியாவது என்னைப் பாத்திருந்தா, எனக்கு மூக்கு எந்தப் பக்கம் இருக்குன்னாவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

கற்பாசி தனி உயிர் அல்ல, அது ஒரு குடித்தனம். பூஞ்சை வீடு கட்டும், பச்சைப் பாசி வெயிலை வைத்து உலை ஏற்றும். இந்த வீட்டில் வாடகை கொடுக்காத ஒண்டுக்குடிகள் உண்டு. அவைதான் பாக்டீரியாக்கள். சும்மா சாப்பிட்டுத் தூங்கும் ஜாதி என்று நினைத்துவிடாதீர்கள். வெளியாள் எவனாவது உள்ளே காலை வைத்தால் விஷம் கக்கி விரட்டுவார்கள். ஒரே குழாயில் பத்துக் குடும்பம் தண்ணீர் பிடித்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். அவர்கள் கக்கும் விஷம் சில சமயம் நமக்கு மருந்து. ஆஸ்பத்திரியில் இருக்கிற எல்லா மருந்தையும் குடித்து ஏப்பம் விடும் நோய்க் கிருமிகூட அதற்கு மசியும்.

அந்தச் சுவரிலிருந்து வாலிபத்தில் நான் துருநிறத்தில் ஒரு கிருமியைப் பிடித்தேன். கண்ணாடித் தட்டில் அதை வளர்த்துச் சுற்றிலும் நோய்க் கிருமியைத் தூவினால், என் ஆளைச் சுற்றி வட்டமாக வெட்டவெளி விழும். ரவுடியைக் கண்டு தெரு ஒதுங்குமே, அது போல. அதற்குத் தெளிவு வளையம் என்று பெயர். அந்த ஒரு வளையத்தை மாட்டிக்கொண்டு நான் எத்தனையோ மேடை ஏறினேன். கிருமிக்கு என் பெயரையும் வைத்தார்கள். தன் பெயரைத் தானே வைப்பது எங்கள் துறையில் அநாகரிகம் என்பதால், ஒரு நண்பரைப் பிடித்து வைக்கச் சொன்னேன். கைம்மாறாக ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரை வைத்தேன். அது கால்விரல் இடுக்கில் அரிப்பை உண்டாக்கும் பூஞ்சை என்பது அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அதன்பின் அவர் என்னோடு பேசுவதில்லை.

இதற்கெல்லாம் வாய்விட்டுச் சிரித்தவர் என் சம்பந்தி ஒருவர்தான். அவர் தையற்காரர். கடைத்தெருவில் அவருடைய மிஷின் சத்தம் கேட்டால் விடிந்துவிட்டது என்று அர்த்தம்.

"மத்தவங்க பேரன் பேத்திக்குப் பேர் வப்பாங்க. நீங்க கிருமிக்கு வச்சிருக்கீங்க சம்பந்தி," என்பார். "நாளைக்கு எனக்கு அது ஒட்டிக்கிச்சுன்னா டாக்டர் என்ன சொல்வாரு? ‘பயப்படாதீங்க, உங்களுக்கு உங்க சம்பந்தி வந்திருக்காரு’ன்னா?"

அவருடைய மகள் என்னிடம் படித்தவள். பிறகு என் மகனைக் கட்டிக்கொண்டு மருமகளானாள். நான் ஓய்வு பெற்றதும் என் அறையும் அவளுக்கே போனது. மூலை நாற்காலியை எனக்குப் போட்டவளும் அவள்தான். தங்கமான பெண். இந்தக் கதையில் அவள்மேல் ஒரு தப்பும் கிடையாது, அதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலுக்கு ஒரே வேதவாக்கு: ஒரு தட்டு, ஒரு கிருமி. தட்டில் இரண்டாவது ஆள் முளைத்தால் அது அசுத்தம், தூக்கி எறி. என் தட்டுகளில் துருநிறக்காரனுக்குப் பக்கத்தில், மாவு சிந்தியது போல ஒரு வெள்ளைப் புள்ளி அடிக்கடி முளைக்கும். நான் அதைக் கிள்ளி எறிவேன். வளையமோ சில வாரம் வரும், சில வாரம் வராது. வராத வாரம் மாணவர்களை நிற்கவைத்துத் திட்டுவேன், உங்களுக்கெல்லாம் சுத்தம் போதாது என்று. பயந்துபோய் இன்னும் சுத்தமாக வேலை செய்வார்கள். வளையம் அறவே வராது. மறுபடி திட்டுவேன். என்னிடம் அழாமல் பட்டம் வாங்கியவர்கள் இந்த நிறுவனத்தில் யாருமில்லை. பிற்பாடு யோசித்துப் பார்த்தால், எனக்குப் பரிசு வாங்கிக் கொடுத்த தட்டுகள் எல்லாமே நான் தும்மிக்கொண்டும், பாட்டுக் கேட்டுக்கொண்டும், அரைகுறையாகக் கைகழுவிவிட்டும் செய்தவை. அசிரத்தைக்கு ஒரு சிலை வைப்பதாக இருந்தால் முகத்துக்கு என்னைத்தான் மாதிரி நிறுத்த வேண்டும்.

போன வருடம் சம்பந்திக்கு முழங்கால் மூட்டு மாற்றினார்கள். வாழ்நாளெல்லாம் மிஷின் மிதித்த கால். அறுவை நன்றாகத்தான் நடந்தது. ஆனால் புதிய மூட்டைச் சுற்றி ஒரு கிருமி குடியேறிவிட்டது. மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கிருமி அசரவில்லை. ரத்தத்தில் ஏறினால் தாங்க மாட்டார் என்று பெரிய டாக்டர் என் மருமகளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? நேராக வந்து சுவரைச் சுரண்டினாள். பிரித்தெடுக்கவெல்லாம் அவளுக்குப் பொறுமை இல்லை. ஒண்டுக்குடிகள் அத்தனை பேரையும் ஒரே குடுவையில் போட்டு வளர்த்து, வடித்து, எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாள். பிறகு ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு முன்னால் போய் நின்று, வேறு வழியே இல்லாத நோயாளிக்கு என்று விசேஷ அனுமதி வாங்கினாள். சின்னச் சீசாவில் அரை சீசா மருந்து. சம்பந்திக்குக் காய்ச்சல் இறங்கியது. எழுந்து உட்கார்ந்தார். முதல் காரியமாக நர்ஸ் அம்மாவின் கோட்டுத் தோளைப் பார்த்து, "யாரும்மா தச்சது? ரெண்டு விரக்கடை எறங்கி நிக்குது. நான் வெளிய வந்ததும் கொண்டா, சரி பண்ணித் தரேன்," என்றாராம்.

எனக்கும் சந்தோஷம்தான். என் கிருமி ஆளைக் காப்பாற்றிவிட்டது என்று தெருவில் காய்கறி வண்டிக்காரன் வரை சொல்லி முடித்திருந்தேன். அன்று இரவுச் சாப்பாட்டின்போது மருமகள் கையைப் பிசைந்தபடி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டீங்களே?"

"உங்க அத்தை சமையலையே சாப்பிடறேன். இதுக்கா வருத்தப்படப் போறேன்? சொல்லும்மா."

"இப்பத்தான் ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாத்தேன். மருந்தை உங்க பாக்டீரியா செய்யலை மாமா. பக்கத்துல வெள்ளையா ஒண்ணு வருமே, நாம தூக்கிப் போடுவோமே, அதுதான் செய்யுது. உங்களோடது பக்கத்துல இருந்தாத்தான் அது வளருது. அவ்வளவுதான்."

"அப்போ என்னோடது என்னதான் பண்ணுது?"

மோர்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். "துணைக்கு இருக்கு மாமா."

என் மனைவி சாதத்தைப் பரிமாறிக்கொண்டே, "அப்படியே இவரு மாதிரி," என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், சாட்சி இருக்கிறது.

பிறகு அவள், புதியதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், அப்பா பெயரை வைக்கலாமா என்று என்னிடமே அனுமதி கேட்டாள். அவ்வளவு மரியாதையான பெண். தாராளமாக வை என்றேன். என் ஆயுசு முழுக்க நான் குப்பையில் கொட்டிய ஒன்றுக்குத் தையற்காரரின் பெயர். அந்தக் கட்டுரையைப் படிக்கிறவன் எவனும், இந்தக் கிழவன் வாழ்நாளெல்லாம் வைரத்தை உமி என்று ஊதித் தள்ளியிருக்கிறானே என்றுதான் சிரிப்பான். நானே சிரிப்பேன். இதோ, இப்போதே சிரிக்கிறேன் பாருங்கள்.

அரை சீசா மருந்து எத்தனை நாளைக்கு வரும்? மூட்டுக்குள் ஒளிந்த கிருமியை வேரோடு பிடுங்க இன்னும் நிறைய வேண்டும் என்றார் டாக்டர். ஆய்வுக்கூடத்தில் இருந்த வெள்ளையோ, தட்டு மாற்றி மாற்றி நட்டதில் இளைத்து ஒருநாள் இல்லாமலே போனது. எங்கள் ஆட்களுக்கு அந்தக் குணம் உண்டு. சுவரில் பட்டினி கிடக்கும்போது உழைப்பார்கள். தட்டில் விருந்து வைத்தால் சோம்பிச் சாவார்கள். ஆக, மறுபடி சுவரைச் சுரண்ட வேண்டும் என்று ஆனது. வேறு சுவர்களிலும் அதே கற்பாசி இருக்கிறது. அவள் அலைந்து பார்த்தாள். வீடு இருந்தது, இந்த ஒண்டுக்குடி இல்லை.

அந்த வாரத்தில் யாரோ பெரிய மனிதர் பார்வையிட வருகிறார் என்று கட்டடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். மருமகள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பெயின்டர் என் நாற்காலிக்குப் பக்கத்து ஜன்னலில் தலையை நீட்டினான்.

"ஐயா, பின்னாடி செவுத்துல படை படையா இருக்கே, அதைச் சொரண்டிடவா?"

"என்னை ஏம்ப்பா கேக்கற? நான் ரிட்டயரான ஆளு."

"இல்லீங்க, நீங்கதான் தெனமும் அதுகிட்ட நின்னு பேசிக்கிட்டிருப்பீங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு. எதாச்சும் வேண்டுதலா இருக்கப்போவுதுன்னு கேட்டேன்."

"வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. சுவர்னா சுத்தமாத்தானே இருக்கணும்?"

ஒரு பொய்கூட இல்லை, கவனியுங்கள். கேள்வி கேட்டான், பொதுவான ஒரு கருத்தைச் சொன்னேன். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். இரும்புச் சீவுளியால் சுரண்டி, ஆசிட் ஊற்றிக் கழுவி, பளிச்சென்று வைத்திருந்தான். கொட்டகை நிழல் விழும் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு விட்டுப்போயிருந்தது. வேலையில் அரைகுறை எனக்குப் பிடிக்காது. கூப்பிட்டுக் காட்டினேன்.

மருமகள் வந்து சுவரைப் பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெயின்டரைத் திட்டவில்லை. தன்னைத்தான் திட்டிக்கொண்டாள், ஒரு பலகையாவது எழுதி மாட்டியிருக்கலாமே என்று. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மறுநாள் சம்பந்தியைப் பார்க்கப் போனேன். அறைச் சுவரெல்லாம் வெளிர்நீலம், ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன். நோயாளிக்கு என்று வாங்கிப் போகிற பழத்தை நாமே உரித்துத் தின்பதுதானே உலக வழக்கம்? சுளையின் மேலிருக்கும் வெள்ளை நாரை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டுச் சாப்பிட்டேன், அது என் பழக்கம். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, பொண்ணு மொகமே சரியில்ல. மருந்து இல்லாமப் போயிடுமோ?"

"அதெல்லாம் வந்துரும்."

"நான் பயப்படலைங்க. ஆனா பாருங்க, பேத்திக்கு ஒரு பாவாடை வெட்டிப் போட்டுட்டு வந்தேன். வெட்டுனதோட கெடக்கு. இன்னொருத்தன் தச்சா என் வெட்டு அவனுக்குப் புரியாது." பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சூடாக இருந்தது, காய்ச்சல் திரும்பியிருந்தது. "உங்க கிருமியைக் கிண்டல் பண்ணிட்டேன்னு மனசுல வச்சுக்காதீங்க."

"சேச்சே. என்ன பேச்சு இது."

அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மருமகளின் போன். "மாமா, ஒரே ஒரு வழி இருக்கு. முதல் தடவை நீங்க சுவத்துலேருந்து எடுத்தப்போ, பிரிக்கறதுக்கு முன்னாடி காய வச்சு உருக்கி மூடின கண்ணாடிக் குப்பி ஒண்ணு பெட்டகத்துல இருக்கு. அந்தக் காலத்துக் குப்பி. அதை ஒடைச்சுத் தெறக்க இங்க யாருக்கும் வராது, உங்களுக்குத்தான் வரும். நான் அப்பாவை விட்டு நகர முடியலை. செய்வீங்களா?"

"இதுக்கு என்னம்மா கேள்வி?"

"ரெண்டும் முளைக்கும் மாமா. ரெண்டையும் சேர்த்தே குடுவையில போடுங்க. பழக்க தோஷத்துல பிரிச்சுடாதீங்க."

"சரிம்மா."

ஐயா, அடுத்து நடந்ததைத்தான் யாரும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு வேலையை அதற்கு முன் நான் செய்ததே இல்லை. பாட்டுப் பெட்டியை அணைத்தேன். முழங்கைவரை கழுவினேன். சுத்தக் காற்று வீசும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினேன். குப்பியின் கழுத்தில் அரத்தால் ஒரு கீறல், சுடுகம்பியால் ஒரு தொடுகை, மொட்டு விரிவது போலத் திறந்தது. உள்ளே காய்ந்து கிடந்த துளித் தூளை நனைத்துத் தட்டில் இழுத்தேன். ஒரு வாரம் கழித்து வந்தார்கள், இரண்டு பேரும். துருநிறத்தில் நான். பக்கத்திலேயே மாவுப் பொட்டாக அவர். அத்தனை வருடம் கண்ணாடிக்குள் அடைந்து கிடந்தும் அவர் சாகவில்லை. நன்றாகவே இருந்தார்.

கம்பியை நெருப்பில் காட்டினேன். துருநிறத்தை மட்டும் தொட்டேன். புதிய தட்டில் இழுத்தேன், மறுபடி தொட்டேன், மறுபடி இழுத்தேன். வெள்ளை ஒரு துகள்கூட ஒட்டாத, பாடப்புத்தகத்தில் படம் பிடித்துப் போடலாம் போன்ற தூய வளர்ப்பு. அதைக் குடுவையில் இறக்கினேன். முதல் தட்டையும், மிச்சத்தையும், குப்பியையும் ஆட்டோகிளேவில் வைத்து மூடினேன். உங்கள் வீட்டு பிரஷர் குக்கருக்குப் பெரியப்பா அது. நீராவி ஏறி இறங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தேன்.

மருமகள் தூங்காத கண்ணோடு ஓடிவந்து, குடுவையிலிருந்து வடித்துச் சோதித்தாள். வளையம் இல்லை.

"வெள்ளை ஒண்ணுகூட வரலையா மாமா?"

"வரலையேம்மா."

மொத்த விவகாரத்திலும் நான் சொன்ன பொய் இது ஒன்றுதான். ஒரு மனிதனின் ஆயுசுக்கு இது மோசமான கணக்கல்ல என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் சம்பந்தி போய்விட்டார். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. கடைசி இரண்டு நாளும் கால் மட்டும் போர்வைக்குள் மிதித்துக்கொண்டே இருந்ததாம். நான் அழுதேன், மனப்பூர்வமாகத்தான் அழுதேன். இரங்கல் கூட்டத்தில் நான்தான் பேசினேன். அன்றைக்கு மட்டும் ஒருவரும் தூங்கவில்லை. கட்டுரை வரவில்லை. இல்லாத கிருமியைப் பற்றி யார் எழுத முடியும்? என் பெயர் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. ஆனால் நான் அதற்காகச் செய்யவில்லை. அசுத்தத்தை அசுத்தம் என்று படித்தவன் நான், அதைக் கொண்டுபோய் நோயாளியின் ரத்தத்தில் ஏற்ற மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. விஞ்ஞானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

இதை நான் உங்களிடம் வந்து சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. என்னை யாரும் சந்தேகப்படவில்லை. மருமகள் இன்றைக்கும் எனக்கு டிபன் கட்டித் தருகிறாள். ஆனால் நேற்று இயக்குநர், அந்த மருந்து ஏன் தயாராகவில்லை என்று விசாரித்த உங்கள் வரைவு அறிக்கையை, மனம் நோகாமல் இருக்க முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தார். அதில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: "குப்பியைத் திறக்கும்போது, வயது காரணமாக மூத்த விஞ்ஞானியின் கை நடுங்கியதால் மாதிரி கெட்டிருக்கக்கூடும். அவரைக் குறை கூறுவதற்கில்லை."

மருமகளிடம் காட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க மாமா, வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே," என்றாள். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை.

கைநடுக்கமா? எனக்கா? அந்தக் குப்பியைத் திறந்தது போல இந்த நிறுவனத்தில் இன்னொருவன் திறக்கட்டும், நான் மீசையை எடுத்துவிடுகிறேன். இரண்டு புள்ளிக்கும் நடுவில் ஒரு தலைமயிர் புகாது. அதில் ஒன்றை மட்டும் தொட்டு எடுத்திருக்கிறேன் ஐயா. இரண்டும் முளைத்தன, வெள்ளையை நான் கொன்றேன், அதனால் அவர் செத்தார். இதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், போலீசைக் கூப்பிடுவதானாலும் கூப்பிடுங்கள். அந்தக் கைநடுக்க வரியை மட்டும் அடித்துவிட வேண்டும்.

நம்பிக்கை வரவில்லையா? அந்தக் கூஜாவை இப்படித் தள்ளுங்கள். டம்ளரில் விளிம்பு வரைக்கும் ஊற்றுகிறேன். இன்னும் கொஞ்சம். இதோ, ஒற்றைக் கையால் தூக்குகிறேன், உங்கள் காகிதங்களுக்கு நேர் மேலே. நன்றாகக் குனிந்து பாருங்கள்.

ஒரு சொட்டு விழுந்ததா?

எழுதுங்கள்.